பாய்லர்மேல் ஒரு பெருவிரல்

உன் தம்பி நம் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் நான் வேளாவேளைக்குச் சாப்பிடவே ஆரம்பித்தேன். அதை நீயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாய். அதை மனசில் வைத்துக்கொண்டு கேட்டால் நான் சொல்லப்போவது சுலபமாகப் புரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். கையிலிருக்கும் இஞ்சினை மட்டும் மேஜைமேல் வைத்துவிடு, வேர்வை படப்போகிறது.

நாலு வருஷமாயிற்று அவன் இதை ஆரம்பித்து. ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு நீராவி ரயில் இஞ்சின் பொம்மை, ஓடுவதென்னவோ கரண்டில். மோட்டாரைத் தவிர எதையும் கடையில் வாங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பித்தளைத் தகட்டில் கோடு போட்டு, நூல்போன்ற ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, புகைபோக்கி ஒன்றுக்கே மூன்று வாரம். துளை போட, பல் குடைந்து தேய்ந்த ஊசிகளைக் கொடுத்தது அவன் பல்வலிக்குப் போய்ப் பழகின அந்தப் பல் டாக்டர்ப் பெண். "ஜனங்க பல்லுல போட்டது போதும், இனிமே பித்தளையில போடு" என்று டப்பாவோடு நீட்டினாளே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பல்வலியோடு போகிற சிநேகம் இல்லை என்று.

"இஞ்சின் ஓடட்டும் அக்கா, மறுநாளே கல்யாணத் தேதி வெச்சிடலாம்" என்றான். கல்யாணமானதும் அவள் கிளினிக் இருக்கிற ஊரிலேயே குடித்தனம் என்றும் முடிவாயிற்று. நீ எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாய். நான் ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறவன். கடுகளவு குறைந்தாலும் விட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்தால், "அத்தான், இதைக் கொஞ்சம் பிடிங்க", "அத்தான், இது நேரா இருக்கா பாருங்க" என்று கேட்க ஒரு ஆள் இருந்தான். அவன் போய்விட்டால் யார் கேட்பார்கள்? நீ இருக்கிறாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது நேராக இருக்கிறது என்று நீ என்னைக் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

முதலில் செய்தது ரொம்பச் சின்ன காரியம். ஒரு அச்சின் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கணக்கு ஒன்றாயிருந்தால்தான் சக்கரங்களைக் கோத்திருக்கும் தண்டு இடிக்காமல் ஓடும். ஆபீஸ் விட்டு நான் நாலரைக்கு வருவேன், அவன் ஆறு மணிக்கு. நடு அச்சில் ஒரு சக்கரத்தைப் பிடித்து மயிரிழை திருப்பினேன். அன்றைக்கு இஞ்சின் முள் குத்தின காலோடு நடக்கிற மாதிரி நொண்டியது.

"என்ன அத்தான், நேத்து வழுக்கிக்கிட்டுப் போச்சே."

"பித்தளை மாப்ளே. வெயிலுக்கு விரியும்."

நம்பினான். ஐந்து வாரம் குனிந்த தலை நிமிராமல் சரிசெய்தான். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது நான்தான். அவன் சரிசெய்ய, நான் திருப்ப, நாள் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை அலுத்துப்போய் "மூட்டை கட்டி வெச்சிடறேன்" என்றபோது தட்டிக்கொடுத்துத் தைரியம் சொன்னவனும் நான்தான். அவன் மனசு தெம்பாகட்டும் என்று மூன்று வாரம் திருப்பாமல்கூட இருந்தேன். அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்த, நான் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம், அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணா, உங்ககிட்டதான் கேக்க முடியும். இது எப்பத்தான் முடியும்?"

கண் கலங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"முடிக்கணும்னு நெனைக்கிறவன் இத்தனை வருஷம் எடுப்பானாம்மா? நீயே யோசி" என்றேன்.

யோசி என்றுதான் சொன்னேன். அவள் யோசித்தாள். நாலாம் மாசம் ஒரு கண் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். நல்ல இடம் என்று கேள்வி. உன் தம்பி மூன்று நாள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆபீஸில் சாப்பிட்டதைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நான் சக்கரத்தைத் தொடவில்லை. இஞ்சின் ஓடியது. பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி என்றிருந்தபோது ஒருநாள், "இதை முடிச்சிட்டு வேற ஊர்ல வேலை தேடலாம்னு இருக்கேன் அத்தான். இங்க மனசே ஒட்டலை" என்றான். பெயிண்ட் அடிக்குமுன் பித்தளையைச் சுத்தமாகக் கழுவி, காய்ந்தபின் வெறும் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் விரல் எண்ணெய் ஒட்டி, அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. அவன் கழுவிக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனான். நான் பாய்லரின் வலது பக்கத்தில் பெருவிரலை வைத்து ஒரே ஒரு அழுத்து.

பச்சைப் பெயிண்ட் பத்து நாள் பிரமாதமாக நின்றது. இன்று காலை உரிந்திருக்கிறது, அச்சு அசலாக என் பெருவிரல், குறுக்கே ஓடும் வெட்டுத் தழும்பு உட்பட. அவனுக்குத் தெரிந்தது உரிந்த பெயிண்ட். உனக்குத் தெரிந்தது விரல். இருபது வருஷம் குடித்தனம் செய்தவளிடம் விரலை மறைக்க முடியுமா?

ஆக, ஆமாம். சக்கரத்தைத் திருப்பியது நான். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதும் நான். சக்கரத்தை முப்பத்தொரு தடவை, அவளை ஒரே தடவை.

அவனிடம் சொல்வதானால் சொல், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இப்போது வேண்டாம். உள்ளே புதுப் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருக்கிறான், நடுவில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். ஒருவன் கண்ணும் கருத்துமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே போய்க் கெடுக்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.