மெழுகு உருகும் சூடு

உங்கள் மின்விசிறி முனகுகிறது சார். பேரிங் காய்ந்துபோயிருக்கிறது. சும்மா சொன்னேன். இந்த ஸ்டேஷனில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. பெரும்பாலானவர்களுக்குக் காது என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான்.

என் பெயர் சவுரிராயன். திண்டிவனத்தில் முப்பது வருஷமாக எஞ்சின் பிரித்துக் கோர்க்கிறவன். 1996இல் என் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் ஸ்டீபன்ராஜ், என் தங்கை அருள்ராணியின் புருஷன். வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் தனக்குத் தெரிகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஒரு போல்ட்டைக் கழற்றினால்கூட, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பான். அப்படிப்பட்டவனைத் திட்டவும் முடியாது, மதிக்கவும் முடியாது.

அந்த மாசியில் ஒலக்கூர் அரங்கநாதன் ஒரு காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார். அவர் அப்பா வாங்கிய சீமைக் கார், ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. இருபது வருஷமாகக் கடலைக் கிடங்கில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பெண்ணை அதில்தான் அழைத்துவர வேண்டுமாம். "எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிச்சிடுங்க, பளபளன்னு இருக்கணும்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே, அந்த இரும்புக் கட்டையின் நீளத்துக்கு ஒரு துளை ஓடும். பம்ப் தள்ளும் எண்ணெய் அதன் வழியாகத்தான் ஒவ்வொரு பேரிங்குக்கும் போகும். துளையின் இரண்டு முனையையும் திருகி அடைத்த பிளக் இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யாமல் எஞ்சினைக் கோர்க்கிறவன் மெக்கானிக் இல்லை, பெயிண்டர். இந்த வண்டியில் பின்பக்கத்துப் பிளக் நாற்பது வருஷத் துருவில் இறுகிக் கிடந்தது. மூன்று நாள் பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன், உளி வைத்து அடித்தேன். சாவி பிடிக்கும் சதுரக் குழி உருண்டையாகிப் போனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அருள்ராணி சோறு கொண்டுவந்தாள். ஸ்டீபன்ராஜ் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய், மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவந்தாள். அவன் உருண்டையான குழியின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்தான். கேஸ் நெருப்பில் பிளக்கைச் சிவக்கக் காய்ச்சினான். சிவப்பு அடங்கியதும் மெழுகை ஒற்றினான். உருகிய மெழுகு மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தான். வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

அருள்ராணி சிரித்துவிட்டாள். "மூணு நாளா எங்கண்ணன் இதுங்கூட மல்லுக்கட்டிக்கினு கெடந்தாரு" என்றாள். வேலையைப் பார்க்க வந்திருந்த அரங்கநாதனும் சிரித்தார். "இனிமே இந்த வண்டிக்கு நீதாம்பா டாக்டர்" என்று அவன் தோளில் தட்டினார்.

ஸ்டீபன்ராஜ் சிரிக்கவில்லை. "மச்சான் அடிச்சி அடிச்சி லூசாக்கி வச்சிருந்தாரு, அதான் எனக்கு வந்துச்சி" என்றான்.

இரக்கம் சார். என் பட்டறையில், எனக்கு. சிரித்தவர்களைக்கூட விட்டுவிடலாம்.

துளையை அவன்தான் சுத்தம் செய்தான். குறை சொல்ல முடியாத வேலை. கோர்க்கும் நாளில் அவன் சாப்பிடப் போனபோது, அவன் முடுக்கிவைத்த பின்பக்கத்துப் பிளக்கைக் கழற்றினேன். கை துடைக்கும் பனியன் துணியில் ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே திணித்தேன். பிளக்கைப் பழையபடி முடுக்கினேன். கடைசி பேரிங்குக்கு இனி எண்ணெய் போகாது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் முன்பக்கத்தோடு சேர்ந்தது. அது எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டி அவன் கையில் நடுவழியில் நிற்க வேண்டும். டாக்டர் ரோட்டோரமாகக் கைகட்டி நிற்க வேண்டும். பேரிங் காய்ந்தால் முதலில் டக்டக்கென்று தட்டும். காது உள்ளவன் நிறுத்திவிடுவான். நான் அவன் காதை நம்பினேன்.

ஓட்டிப் பார்க்க விழுப்புரம் வரை போவதாக ஏற்பாடு. அருள்ராணிக்குத் திருவெண்ணெய்நல்லூரில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் பஸ் பிடிக்கலாம் என்று அவளும் ஏறிக்கொண்டாள். விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. பின்னால் கரும்பு லாரி. அவனுக்குக் கால் முறிந்தது. அவள் அங்கேயே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான்: "அவ பேசிக்கினே வந்தா மச்சான். இந்த மாதிரி கார்ல போனதே இல்லன்னு சிரிச்சிக்கினே வந்தா. நான் எஞ்சினைக் கேக்கல."

நாலைந்து மைலாவது தட்டியிருக்கும். கேட்கவில்லையாம்.

விசாரணைக்கு எஞ்சினைப் பிரிக்க என்னையே கூப்பிட்டார்கள். ஊரில் எனக்கு அவ்வளவு பேர். துணியை உள்ளங்கையில் மறைத்து எடுத்துவிட்டு, ஒரு மெழுகுத் துண்டைத் துளைக்குள்ளிருந்து எடுத்ததாகக் காட்டினேன். "பிளக் கழட்டறப்ப உள்ள எறங்கியிருக்கு சார். அடைச்சிக்கிச்சி" என்றேன். பேரிங்கின் உலோகமே உருகி வழிந்திருந்த எஞ்சின் அது. அதற்குள் மெழுகு மட்டும் வெள்ளையாக, கட்டியாக உட்கார்ந்திருந்ததாம். வந்திருந்த அதிகாரி அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். வக்கீல் கேட்கவில்லை. நீதிபதி கேட்கவில்லை. ஸ்டீபன்ராஜ், மெக்கானிக், அவனும் கேட்கவில்லை. "தப்பு என்னுதுதாங்க" என்று கோர்ட்டில் அவனே ஒப்புக்கொண்டான்.

ஒரு வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்து வளவனூரில் சைக்கிள் கடை வைத்தான். எஞ்சின் உள்ள எதையும் தொடுவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் பஸ் ஏறித் திண்டிவனம் வருவான். எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவன் சாமந்திப் பூவை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். மெழுகில் கை வைக்க மாட்டான். பிறகு என்னிடம் வந்து, "என்ன மன்னிச்சிடுங்க மச்சான்" என்பான். "சரி, விடு" என்பேன். பதினான்கு வருஷம் நான் அவனை மன்னித்தேன்.

போன வாரமும் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அதே இடம், அதே சொல். எனக்குச் சகிக்கவில்லை. மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். எஞ்சினைத் தொட்ட ஒருவன் இத்தனை வருஷம் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்ற எரிச்சல்தான்.

"ஓடுற எஞ்சின்ல ஆயில் எவ்ளோ சூடு இருக்கும் மாப்ள? மெழுகு அதுல நிக்குமா?" என்றேன்.

"அப்ப உள்ள என்ன இருந்துச்சி?" என்றான்.

"துணி."

"யாரு வச்சது?"

"நான்தான்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அவனை ஒரு ஆளாக மதித்திருப்பேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு அம்மாளிடம் மெழுகுவர்த்தி கேட்டு வாங்கி, அருள்ராணியின் தலைமாட்டில் ஏற்றினான். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அவ வண்டியில உக்காந்துட்டிருந்தா. அவ ஏறுனது உங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"நான் பின்னால லேத்துகிட்ட இருந்தேன். பாக்கல" என்றேன்.

தலையாட்டினான். அதையும் நம்பினான். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறான்.

அவனிடம் சொன்னதை நீங்கள் எழுத வேண்டாம். நான் வாசலில்தான் இருந்தேன். அவள் முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கதவு தானாகப் பொருந்தாது. கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். தூக்கிச் சாத்தினேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "வண்டி நல்லா போவுமாண்ணா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"உன் புருஷன் பண்ண வேலைதானம்மா, நல்லாதான் போவும்" என்றேன்.