நத்தைக் கூட்டு மீனும் பின்சுவரும்

இருங்க மெகருன்னிசாக்கா, கத்தாதீக. சொல்லுறேன். முன்னபின்னயாச் சொல்லிக் கெடுத்துருவேனோன்னுதான் பயமா இருக்கு. அஞ்சாப்போட நின்னவ நான், கோர்வையாப் பேச வராது. வீடு உங்க வீடு. பின்சுவரு மழைல விழுந்துருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். நான்தான் இடிச்சேன்.

இங்கன வேப்பமரத்துப் பக்கம் வாங்க. இன்னுங் கொஞ்சம் தள்ளி. ஆங், அங்கனயே நில்லுங்க.

அந்த வாளியா? அது மீனுக்கா. வெறும் நத்தைக்கூடு இல்ல, உள்ள மீனு கிடக்கு. எம் மக சுகிர்தா மதுரைக்கு நர்சிங் படிக்கப் போகும்போது என் தலைல கட்டிட்டுப் போனா. ஆப்பிரிக்காவுல ஏதோ ஏரி மீனாம். சுண்டுவிரல் நீளங்கூட வராது. செத்த நத்தையோட கூட்டை, மண்ணைப் பறிச்சுப் புதைச்சு, வாயி மட்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சு, அதுக்குள்ளதான் குடித்தனம். குஞ்சு பொரிக்கிறதும் அங்கனதான். ஒரு கரண்டி கீழ விழுந்தாப் போதும், விருட்டுன்னு உள்ள போயிரும். போனா வந்த வழியேதான் திரும்பணும். வாசல் ஒண்ணுதானே.

இருங்க, சுவருக்குத்தான் வாறேன்.

நான் கல்யாணத்துக்கு முந்தியே பட்டாசுக் கம்பெனிக்குப் போனவக்கா. அங்க ரூமு சின்னதுதான், ஆனா நாலு பக்கமும் வாசல் இருக்கும். போர்மேன் திட்டித் திட்டிப் பழக்குனாரு. சத்தம் கேட்டா மீனு உள்ள ஓடும், நம்ம வெளிய ஓடணும். கையில இருக்கதப் போட்டுட்டு ஓடணும். காலு அப்படியே பழகிப்போச்சு. உங்க வீட்டுக்கு வாசல் ஒண்ணு. குத்தமாச் சொல்லல, வந்த அன்னைக்கே மனசுல பட்டுச்சு.

இந்தத் தீபாவளி சீசன்ல எங்க வீட்டுக்காரரு வெளிய போகும்போது என்னய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிர்றாரு. சந்தேகமா? இந்த மூஞ்சிய யாருக்கா தூக்கிட்டுப் போகப் போறா. ஆள் இல்லாத வீடு மாதிரித் தெரியணுமாம். மூச்சு முட்டுதுன்னு அழுதேன். ஒம் மீனே அம்புட்டூண்டு கூட்டுக்குள்ள பேசாம இருக்கு, நீ என்னடி மகாராணியான்னாரு.

மத்தியானம் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச்சே, கேட்டீகளா? எனக்குப் பாத்திரமெல்லாம் ஆடிப்போச்சு. மீனு அம்புட்டும் கூட்டுக்குள்ள. நான் ஓடுனேன். ஓடிப் போயி கதவுல முட்டி நிக்கேன். இழுக்கேன், தட்டுறேன், தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் சத்தம் வந்த பக்கம் போயிருச்சு. அவருக்குப் போனடிச்சா, சாத்தூர்ல லோடு ஏத்துறேன், வெடிச்சது அங்கனதானே, சாயங்காலம் வரைக்கும் சும்மா கிடங்காரு.

நாளைக்கே கொத்தனார வச்சு அந்த ஓட்டைய அடைச்சுருவீகளா? வேண்டாங்க்கா. காலப் பிடிச்சுக் கேக்கேன். ஒரு கதவு மட்டும் போட்டுக் குடுங்க.

பூட்ட உடைக்கச் சொல்லியிருக்கலாமா? எப்படிக்கா? இரும்புல சுத்தியல் போட்டா பொறி பறக்குமே. அந்தக் கதவுக்கு உள்பக்கந்தான் சாக்கு சாக்கா வெடிமருந்து அடுக்கி வச்சிருக்காரு. வீட்டுல வச்சே வெடி போட்டுக் குடுக்க ஆர்டர் எடுத்திருக்காரு. லைசென்ஸா? குடியிருக்க வீட்டுக்கு யாரு குடுப்பா. நான் காலைல இருந்து அடுப்பே பத்தவைக்கல.

அய்யோ, முன்பக்கம் போகாதீக! அதுக்குத்தானே உங்கள இங்கன நிறுத்தி வச்சுப் பேசுறேன்.

கடப்பாரையும் தொடலக்கா. உலக்கைல ஆடிக்கிட்டுக் கிடந்த இரும்புப் பூண உருவிப் போட்டுட்டு, வெறுங்கட்டையாலதான் இடிச்சேன். மழைத்தண்ணி ஊறுன சுவரு, விட்டுக்குடுத்துருச்சு. ஓட்டை விழுந்ததும் கூட்டோட மீன அள்ளி வெளிய வச்சேன், பெறகு நான் வந்தேன்.

வந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, வீட்டுல மருந்து இருக்குன்னேன். யாரு வச்சிருக்காங்கன்னு கேட்டாக. சங்கிலிமுத்துன்னு சொன்னேன். நீங்க யாரும்மான்னாக. அவரு சம்சாரம்னு சொன்னேன்.