இரண்டு இரவுக்கு ஏழு பை

பாலாவியில் கற்பிட்டி பஸ்ஸுக்குள் ஒரு குடும்பம் ஏறியது. கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர், பைகள் ஏழு. கூடாரம் தனி. எனக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனதால் இரண்டு தடவை எண்ணினேன். உச்சமுனைக் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள் என்பது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் விளங்கியது.

மனைவி ஒரு சிறிய பையை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

"அதுக்குள்ள என்ன, நகையா?" என்றான் கணவன்.

"பிள்ளைகள்ட பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, என்ட ஓ.எல். பரீட்சை சேர்டிபிகட்."

"உச்சமுனையில மீன் புடிக்கிறதுக்கு ஓ.எல். கேக்குறாங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கற்பிட்டியில ராத்தாட வீட்டுல குடுத்துட்டுப் போவம். திரும்பி வரக்குள்ள எடுக்கலாம்," என்றான் கணவன்.

"குடுக்க மாட்டன்."

"ரெண்டு நாள்தானே, புள்ள."

"தொண்ணூறுல எங்கள எல்லாரையும் மன்னாரால வெளியேத்தக்குள்ள எங்கட வாப்பாவும் ரெண்டு நாளெண்டுதான் சொன்னாரு. எல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்தம். இங்க என்னைய ஸ்கூல்ல சேர்க்கப் போனா, காட்டுறதுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்ல."

நுரைச்சோலை தாண்டியதும் கணவன் குனிந்து, பாண் இருந்த பொலித்தீன் பையை வெறுமையாக்கி, பாணை மூத்த மகளிடம் கொடுத்தான்.

"உச்சமுனைக்குப் போற படகுல தண்ணி அடிக்கும். எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுக் கட்டு."

அவள் கட்டத் தொடங்கியதும் தன் சட்டைப் பையைத் தடவினான்.

"கொஞ்சம் நில்லு. என்ட அடையாள அட்டையையும் உள்ளுக்கு வை."