எதிர் பங்க்கை விடக் குறைவு

காலையில் எழுந்து பல் துலக்குவேன். பால் காய்ச்சுவேன். குவளையோடு மாடியில் நின்று எதிர் பங்க்கின் விலைப்பலகையைப் பார்ப்பேன். என் பங்க் எரிந்து போய்விட்டது. பார்க்கிற பழக்கம் போகவில்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், இன்ஸ்பெக்டர் ஐயா. எதிரெதிரே இரண்டு பெட்ரோல் பங்க், இரண்டுக்கும் ஒரே லாரி, விலை மட்டும் எப்படி வேறு? எதிர் பங்க் பெரியவரும் இதையே கேட்டார். "ஒரே சரக்குதானே தம்பி, உனக்கு மட்டும் எப்படிக் கட்டுபடியாகுது?"

அவர் பயந்தாங்கொள்ளி. நிலத்தடித் தொட்டியை வருடந்தோறும் சோதிப்பார். குழாய் மூட்டுகளை மாற்றுவார். பெட்ரோல் ஆவி கசிந்தால் கத்துகிற அலாரத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி கவனிப்பார். அந்தச் செலவெல்லாம் அவர் பலகையில் ஏறும். நான் எதையும் செய்யவில்லை; என் பலகையில் இறங்கியது. பொருளாதாரம் படித்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

வாங்குகிறவர்கள் இன்னும் மேல். சில்லறை மிச்சமாகும் என்று ஊரைச் சுற்றி வருவார்கள். மிச்சத்தைவிட அதிகமாக வரிசையில் நின்றே எரிப்பார்கள். "அவன் கொள்ளைக்காரன் சார், நீங்கதான் நியாயஸ்தர்" என்று முதுகில் தட்டுவார்கள். எப்படிக் கட்டுபடியாகிறது என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தால் என் மனைவி இன்று இருப்பாள்.

என் அலாரம் அடிக்கடி கத்தியது. வந்தவர்கள் மிரண்டார்கள். ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அன்று காலை பெரியவர் விலையைக் குறைத்திருந்தார். நான் ஏணியில் நின்று என் பலகையின் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். வரிசை ரோடு வரை நின்றது. என் மனைவி பெட்ரோல் இறைக்கும் மோட்டார் அறையைத் திறந்தாள்.

"ஏங்க, உள்ள நெடி மூச்சை அடைக்குது."

"பெட்ரோல் பங்க்ல பன்னீர் வாசனையா வரும்? சுவிட்சப் போடு."

அந்த அறைக்குள் குழாய் மூட்டு கசிவது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். சுவிட்சின் பொறி ஒன்று போதும் என்பதும் தெரியும். முதல் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நீங்க வேலையப் பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவளாகவே உள்ளே போனாள் என்றுதான் துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அழுதார்கள். பெரியவர் மட்டும் அழாமல் என்னையே பார்த்தார். உங்கள் ஆட்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏணியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"பயமா இருக்குங்க. ஆனா நீங்க படிச்சவரு, தெரியாம சொல்லமாட்டீங்க. போடறேன்."