தவறின பக்கம்

— தொலைஞ்சு தவறினதெண்டு எழுதாதை பிள்ளை. வெட்டு அதை. என்ரை வலை தவறேல்லை.

— ஊர்ச் சங்கத்தின்ரை முறைப்பாட்டுப் புத்தகம், யூலிற்றாக்கா. எழுதினதை வெட்டேலாது.

— வலைக்கென்ன கால் முளைச்சு நந்திக்கடலுக்கு நடந்து போனதோ? மூண்டு கிழமைக்கு முந்தி ஒரு பின்னேரம் வேலியிலை காயப் போட்டனான். விடிய எழும்பிப் பாத்தா வேலி நிக்குது, வலையைக் காணேல்லை. எங்கடை கரையிலை அதுக்குப் பேர் களவு.

— ஆர் எடுத்தது?

— தெரிஞ்சா உன்னட்டை ஏன் வாறன், ரூபினி? அவன்ரை வீட்டு வாசலிலை எல்லோ நிண்டிருப்பன்.

— அதுதான் அக்கா சிக்கல். எடுத்தவரின்ரை பேர் இருந்தா களவுப் பக்கம். பேர் இல்லாட்டி தவறின பக்கம். போன வருசம், தொண்ணூற்றேழு தையிலை இருந்து அதுதான் முறை.

— ஆர் கொண்டுவந்த முறை?

— நான்தான். பின்னேர வகுப்பிலை கணக்குச் சேர் சொன்னவர், நிச்சயமானதையும் நிச்சயமில்லாததையும் ஒரே பக்கத்திலை கலக்கக்கூடாதெண்டு. அது சரியெண்டுதான் நினைச்சன். இப்பவும் சரியெண்டுதான்... தெரியேல்லை.

— கெட்டிக்காரி. அதாலை ஊரிலை கள்ளர் குறைஞ்சிட்டினமோ?

— குறைஞ்சுதுதானே! தொண்ணூற்றாறிலை நாற்பத்தொரு களவு, அதிலை பாதி கோழி. இந்த வருசம் மூண்டே மூண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை தலைவர் ராஜரத்தினம் ஐயா வாசிக்கப் போறார். காரணமும் அவரே சொல்லித் தந்தவர். காவல் குழு, பின்னேர வகுப்பு, சனத்தின்ரை ஒழுக்கம்.

— ஒழுக்கமோ! மாதாவே! சண்டைக்குக் கரையாலை ஓடிவந்த சனம் கொண்டுவந்த கோழியெல்லாம் எப்பவோ கறியாப் போச்சு. கோழியில்லாத ஊரிலை கோழிக்களவு குறையாமல் என்ன செய்யும்? அந்தக் காரணத்தையும் எழுது.

— அதையும் யோசிச்சனான் அக்கா. முந்தி எத்தினை கோழி நிண்டதெண்டு ஆரும் எழுதி வைக்கேல்லையே.

— தவறின பக்கத்தைத் திருப்பு. அதிலை எத்தினை?

— அது எதுக்கு இப்ப...

— சொல்லடி.

— நாற்பத்தாறு. உங்கடை வலையோடை.

— களவு மூண்டையும் சேர்.

— நாற்பத்தொன்பது.

— கோழியில்லாமலே எட்டுக் கூட! கள்ளர் குறையேல்லை பிள்ளை, உன்ரை மைதான் கணக்கைக் குறைச்சது.

— ஐயாட்டைச் சொன்னனான், சத்தியமா. ரெண்டு பக்கத்தையும் வாசிப்பம் எண்டு. தவறினது சனம் கவனமில்லாமல் விட்ட கவலையீனம், அதை வாசிச்சு என்னத்துக்கு எண்டிட்டார்.

— கவலையீனம்! என்ரை மனுசன் அல்பேர்ட் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். நான்தான் இப்ப வலை இழுக்கிறன். அடுத்த மழைக்கு இறால் வரும். களவெண்டு உன்ரை கடிதம் இருந்தா மீன்பிடிச் சங்கம் வேறை வலை தரும். தவறினதெண்டு கொண்டு போனா, கவலையீனக்காரியெண்டு திருப்பி அனுப்புவினம். உந்த ஒரு சொல்லிலை எங்கடை நாலு வயிறு தொங்குது, விளங்குதோ?

— விளங்குது. ஆனா பேரில்லாமல் களவுக் கடிதத்திலை ஐயா கையெழுத்து வைக்கார்.

— ஒரு பேர் போதுமோ?

— ஓம். பேரும் விலாசமும்.

— எழுது. அல்பேர்ட் யூலிற்றா. மூண்டாம் ஒழுங்கை, புதுக்குடியிருப்பு.

— அது முறைப்பாட்டுக்காரரின்ரை பேர். முதலே எழுதிட்டன். எடுத்தவரின்ரை பேரைச் சொல்லுங்கோ.

— அதைத்தான் சொன்னனான்.

— என்ன அக்கா, விசர்க்கதை கதைக்கிறியள்? உங்கடை வலையை நீங்களே களவெடுத்தனீங்களோ?

— ஓம். கள்ளிக்குப் பேர் இருக்கு, விலாசம் இருக்கு. இனி அது களவுதானே? மூண்டை நாலாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஐயா நாலெண்டு வாசிக்கட்டும்.

— அப்பிடி எழுதினா வேறை வலையும் கிடையாது. விசாரணைக்கும் கூப்பிடுவினம். எல்லாருக்கும் முன்னாலை கதிரையிலை இருத்திக் கேள்வி கேப்பினம்.

— என்ன கேப்பினம்?

— முதல் கேள்வியே, வலை எங்கை எண்டுதான்.

— கேக்கட்டும். மூண்டு கிழமையா இந்த ஊரிலை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை.