பெரட்டுல கூப்பிட்ட பேரு

உக்காருங்கண்ணே, இந்த பெஞ்சு காலிதான். ஈஜோக்லேருந்தா வர்றீங்க? இந்தப் படத்துக்கா? போச்சு போங்க, பஸ்ஸுக் காசு வீண் லா.

கோவிச்சுக்காதீங்க. படம் எடுத்த காளியண்ணன் என் கூட்டாளிதான், ஒரே லயம். கல்யாண வீட்டுல வீடியோ புடிக்கிறவன். அந்தக் கேமராவ வச்சே பேய்ப்படம் எடுத்துட்டான். எஸ்டேட் மண்டபத்துல டிவி பெட்டிய வச்சுப் போடுறான், மூணு ஞாயித்துக்கெழமையா கூட்டம் தாங்கல. மானேஜர் கூப்பிட்டுக் கை குடுத்தாராம். எனக்கு வயிறு எரியுது. ஆமாண்ணே, பொறாமைதான், சொல்றதுக்கென்ன.

ஏன்னா கதை என்னோடது. கள்ளுக்கடையில நான் சொன்னது. விடியக்காலம் பெரட்டு. வேலைக்காரங்க வாளியோட வரிசையா நிக்கிறாங்க, கணக்கு எழுதுற கிராணி பேர் வாசிக்கிறாரு. செத்துப்போன ஒருத்தி பேர செக்ரோல் புஸ்தகத்துல அடிச்சு எடுக்காம வுட்டுட்டாங்க, அதையும் வாசிச்சுடுறாரு. அவ்ளோதான். கேக்கும்போதே ஒடம்பு சிலிர்க்குதுல்ல?

அத என்னா பண்ணி வச்சிருக்கான் தெரியுமா? பேய்க்கு மூஞ்சி பூரா பவுடரு. கையில கடிகாரம்! செத்தவ மணி பாத்து எங்க போவப்போறா? பேர் கூப்பிட்டதும் வந்துட்டேன்யான்னு ரப்பர் மரத்துக்குப் பின்னாலேருந்து ஓடி வருது. கிராணியா நடிச்ச சின்னையாவுக்குச் சிரிப்பு தாங்காம, செக்ரோல வச்சு மொகத்த மூடிக்கிறாரு. அதையும் வெட்டாம வுட்டுட்டான்.

என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் பதில் பேசக் கூடாதுடா, அந்தப் பேரு அப்படியே நிக்கணும், வாளி சத்தங்கூட வரக் கூடாதுன்னு.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் அங்க நின்னேன்லண்ணே, இங்க வர்றதுக்கு முந்தி இருந்த எஸ்டேட்டுல. சுடுகாட்டுல பால் தெளிச்சுட்டு மறுநா வேலைக்குப் போறேன். கிராணி அன்னைக்குத்தான் புதுசா வந்தாரு, அவருக்கு என்னா தெரியும், பாவம். புஷ்பவள்ளின்னாரு. என் சம்சாரம். ரெண்டாந்தடவையும் கூப்பிட்டாரு. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. நான் அவ நிக்கிற எடத்தத் திரும்பிப் பாத்தேன்.

காளியண்ணனுக்கு இது தெரியாது. சும்மா கட்டுன கதைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

நானா? இன்னியோட நாலாவது தடவ பாக்குறேன். படம் மட்டந்தாண்ணே, அதுல மாத்தமில்ல. ஆனா பாருங்க, அவன் படத்துல கூப்பிட்டா அவ வந்துடுறா.