அப்பாவின் காக்கி

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவரில் இளையவள் எடுத்ததுமே சொன்னாள்:

"வூட்டுக்காரரு காக்கி பேண்ட்ட வெட்டிட்டேன்க்கா."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அய்யய்யோ, எதுக்குடி?"

"அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே. இப்ப மவளும் அவரு வேல பாத்த மைன்ஸ்லயே அப்ரண்டிஸா போறா. நல்ல துணி கெடக்கறப்போ புதுசு எதுக்கு? இடுப்பப் புடிச்சித் தெச்சிட்டேன்."

"கரித்தூளு எப்புடிப் போவும்?"

"ஈரம் படறதுக்கு முன்னாடியே நல்லா உதறிடணும். நனைச்சா துணியோட ஒட்டிக்கும்."

"தெனம் நீதான் உதறணுமா?"

"முப்பது வருசமா அவரு கழட்டிப் போடுவாரு, நான் உதறுவேன். இப்ப மவ ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா அவருதான் தோட்டத்துல நின்னு உதறிகினு இருக்காரு. நான் டீ குடிச்சிகினே பாக்கறேன்."